பாக்கெட்டா, இளநீரா, டிரிப்ஸா? வாந்திபேதி வந்த வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

ராத்திரி பத்து மணிக்குக் கடை ஷட்டரை இறக்கப் போகும்போதுதான் யாராவது ஓடி வருவார்கள். "சின்னவனுக்கு மத்தியானத்துலேர்ந்து வயித்தால போகுதுண்ணே, நிக்கிற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க." மருந்துக்கடையில் நிற்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஊரில் என்னென்னவோ மாறிவிட்டது, இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை.

நிறுத்துகிற மாத்திரை குழந்தைக்குக் கிடையாது என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் எதைக் கொடுப்பது? உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த ஓஆர்எஸ் பொடிப் பாக்கெட்டா, வீட்டு உப்பு சர்க்கரையே போதுமா, இளநீர் வெட்டலாமா, அலமாரியில் இருக்கும் குளுக்கோஸ் பவுடரைக் கரைக்கலாமா, இல்லை நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஒரு பாட்டில் ஏத்திடலாமா'? கவுன்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

வைரஸால் வருகிற வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானாகவே அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து வெளியேறுகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பி உள்ளே போட வேண்டும். உயிரை எடுப்பது பேதி இல்லை, அது கொண்டுபோகும் தண்ணீரும் உப்பும்தான். ஆகவே எந்தத் திரவத்தையும் 'பேதியை நிறுத்துமா' என்று கேட்டுப் பயனில்லை. நான் கேட்பது இவை:

- உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் இருக்கிறதா?
- கலக்குகிறவர் தப்புப் பண்ண எவ்வளவு வாய்ப்பு?
- ராத்திரி இரண்டு மணிக்குக் கைக்குக் கிடைக்குமா?
- விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன?

முதல் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பேதியின்போது வெறும் தண்ணீரையோ வெறும் உப்புத் தண்ணீரையோ குடித்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சர்க்கரையும் உப்பிலுள்ள சோடியமும் ஜோடியாகப் போனால்தான் குடல் சுவர் இரண்டையும் உள்ளே விடும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். 1960இல் ஐரோப்பாவின் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். காலரா வந்த குடலில்கூட இந்த வழி அடைபடுவதில்லை.

சர்க்கரை மிஞ்சினால் கதை தலைகீழ். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே வேலையைச் சர்க்கரை குடலில் செய்யும். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும்.

## அதற்கும் முன்னால்: ஆள் எந்த நிலையில் இருக்கிறார்?

எதைக் கொடுப்பது என்பது இதைப் பொறுத்தது. ஒருமுறை ஒரு அப்பா, இரண்டு வயதுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். "காலைலேர்ந்து பத்து தடவை போயிட்டான். இப்ப பரவாயில்ல, தொந்தரவு பண்ணாம தூங்குறான்." பையனின் கை அவர் முதுகில் துணி மாதிரித் தொங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கண்ணைப் பாதி திறந்து மூடினான். கண் உள்ளே போயிருந்தது. நாக்கில் ஈரம் இல்லை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டேன், மடிப்பு அப்படியே நின்று நிதானமாக இறங்கியது. ஜட்டி நனைந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. பாக்கெட் விற்கவில்லை, ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

அழுது அடம்பிடிக்கிற குழந்தையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சத்தம் போடாத குழந்தைக்கு.

ஆளைப் பார்த்து மூன்றாகப் பிரிக்கலாம். விளையாடுகிறது, கண்ணீர் வருகிறது, சிறுநீர் போகிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். எரிச்சலாக இருக்கிறது, கண் கொஞ்சம் குழிந்திருக்கிறது, தண்ணீரைக் கண்டால் பறித்துக் குடிக்கிறது என்றால் நீர்ச்சத்து குறைய ஆரம்பித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டாக்டரிடமோ உட்கார வைத்து ஓஆர்எஸ் கொடுக்க வேண்டிய நிலை இது. துவண்டுவிட்டது, குடிக்க முடியவில்லை, கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கிறது என்றால் 108தான்.

மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி நிற்காமல் போனால் காலராவை நினைக்க வேண்டும். அது பழங்கதை இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலராவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள்.

எதனால் வந்தது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். விருந்து சாப்பிட்ட சில மணி நேரத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வாந்தி எடுத்தால் உணவிலிருந்த நச்சு. வீட்டில் ஒருவருக்கு வந்து, ஒன்றிரண்டு நாளில் அடுத்தவருக்கும் தண்ணியாகப் போனால் பெரும்பாலும் வைரஸ். காய்ச்சலோடு சளியும் ரத்தமுமாகப் போனால் சீதபேதி, அதற்கு டாக்டர் வேண்டும். வலி மட்டும் தொப்புளிலிருந்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் அது குடல்வாலாக இருக்கலாம், வயிற்றுப்போக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. குழந்தை துவண்டு கண் குழிந்தால் 'குடலேத்தம்' என்று எண்ணெய் போட்டு வயிற்றைத் தட்டுவார்கள், இல்லாவிட்டால் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். பாட்டிமார் கண்ணுக்கு அந்த அறிகுறிகள் சரியாகவே பட்டிருக்கின்றன, நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது நீர்ச்சத்து இறங்கியதன் அடையாளம். தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் இருநூறு மில்லி உள்ளே போயிருக்கலாம்.

## ஓஆர்எஸ் பாக்கெட்

இதைத்தான் முதலில் வைப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம் பொடி, அவ்வளவுதான்.

இந்தச் சாதாரணப் பொடியின் பெருமையைக் காட்டியது 1971. வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தில் பங்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீரத் தொடங்கியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை டிரம்மில் நிரப்பி, நோயாளியின் கூட வந்தவர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதுக்குப் பக்கமாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார், அடுத்த வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

குறை எங்கே? கலக்கும் இடத்தில். என் கடையில் வாங்கிப் போகும் பலர் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, மீதியை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள். பொடியில் உப்பும் சர்க்கரையும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு டம்ளரில் உப்பு கூடும், அடுத்ததில் குறையும். கெட்டியாகிப்போன கரைசல் ரத்தத்தில் உப்பை ஏற்றி, கைக்குழந்தைக்கு வலிப்பே வரவைக்கலாம். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். அளவுக்குச் சிறந்த பாத்திரம் கடையில் வாங்குகிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஏனென்றால் டம்ளர் வீட்டுக்கு வீடு ஒரு சைஸ். சின்ன பாக்கெட் என்றால் 200 மில்லிக்கு. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்குங்கள், கலந்த பிறகு சூடாக்க வேண்டாம். 24 மணி நேரம் தாண்டினால் கீழே ஊற்றிவிடுங்கள்.

எவ்வளவு? ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. நீர்ச்சத்து குறைந்துவிட்ட குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில். அதாவது பத்துக் கிலோ குழந்தைக்கு முக்கால் லிட்டர்.

"குடிச்சா வாந்தி எடுக்கிறான்" என்பார்கள். டம்ளரோடு கொடுத்தால் எடுக்கத்தான் செய்வான். பத்து நிமிடம் விட்டு, பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். இந்த வைத்தியத்தின் நிஜச் செலவு இதுதான். பாக்கெட் விலை ஒரு டீ வடைக் காசு. ஆனால் அம்மாவோ அப்பாவோ ராத்திரி முழுக்க ஸ்பூனோடு உட்கார வேண்டும். டிரிப்ஸுக்கு ஆசைப்படுவதில் பாதி இந்த அலுப்பால்தான், அதைத் தப்பாகவும் சொல்ல முடியாது.

## வீட்டு உப்பு சர்க்கரைத் தண்ணீர்

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு இதைவிடச் சீக்கிரம் எதுவும் கிடைக்காது. பொட்டாசியமும் சிட்ரேட்டும் இதில் இல்லை, அதனால் விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிக்கொள்வது நல்லது.

ஆபத்து ஸ்பூனில் இருக்கிறது. சாம்பார் கரண்டியால் அளக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பங்களாதேஷில் 1980களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். சொன்னதோடு விடவில்லை, அந்த வீட்டுப் பெண்ணையே எதிரில் கலக்க வைத்துப் பார்த்தார்கள்.

## கஞ்சியும் மோரும்

நொய்க் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட நீர்மோர், எல்லாம் நல்லதே. மாவுச்சத்து மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால் சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்காது. காலராவில் அரிசியை வைத்தே ஓஆர்எஸ் செய்து கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. குடிக்கிற பதத்தில் இருக்க வேண்டும், உப்பு போட மறக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு இது வேண்டாம், தாய்ப்பாலும் ஓஆர்எஸும் மட்டும்.

பேதி என்றதும் சாப்பாட்டை நிறுத்துவது பெரிய தப்பு. தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

## இளநீர்

இதில்தான் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சண்டை. இளநீர் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதியில் போகிற சோடியத்தை அது ஈடுகட்டாது. பெரியவர் ஒருவருக்கு நாலைந்து தடவை போயிருக்கிறது, ஓஆர்எஸ் வாடையே பிடிக்கவில்லை என்றால் இளநீரும் உப்புப் போட்ட கஞ்சியுமாக ஓட்டிவிடலாம். துவண்ட குழந்தைக்கு இளநீரை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே வினை, டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

## டெட்ரா பேக், குளுக்கோஸ் பவுடர், சோடா

டெட்ரா பேக்கில் இரண்டு ஜாதி. ஒன்று உண்மையான ஓஆர்எஸ், கலந்தே வருவது. பயணத்துக்கு இதைவிட வசதி கிடையாது, கலப்பதில் தவறு வரவே வழியில்லை. மற்றது பழச்சுவைக் குளிர்பானம். பல வருடமாக அதுவும் பெயரில் ஓஆர்எஸ் எழுத்தை ஒட்டிக்கொண்டு அதே அலமாரியில் உட்கார்ந்திருந்தது, சர்க்கரையோ பல மடங்கு. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பொருள்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்றும் சோடியம் 75, ஆஸ்மோலாரிட்டி (கரைசலின் அடர்த்தி) 245 என்றும் இருந்தால் சரி. உணவு உரிம எண்ணோடு பழப்படம் மட்டும் இருந்தால் அது ஜூஸ்.

குளுக்கோஸ் பவுடர் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவனுக்கு இருக்கட்டும். பேதிக்கு அது வெறும் சர்க்கரை. சோடாவும் கலர் பானங்களும் அதே கணக்கு.

## டிரிப்ஸ்

"குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துரும்" என்பது நம் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரை லிட்டர் நார்மல் சலைனில் 4.5 கிராம் உப்பு. அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 25 கிராம் சர்க்கரை, உப்பே கிடையாது. கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தொங்குவதால் அமிர்தமாகத் தெரிகிறது.

வாந்திபேதிக் குழந்தைகளை டிரிப்ஸ், ஓஆர்எஸ் என்று இரண்டு வகையாகப் பார்த்த ஆய்வுகளை 2006இல் ஒன்றுசேர்த்து அலசியபோது, ஓஆர்எஸ் கொடுத்த 25 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் அது போதாமல் டிரிப்ஸ் தேவைப்படும் என்று கணக்கு வந்தது. மற்ற 24 பேருக்கும் ஊசி வேண்டியிருக்கவில்லை.

கண்ணில் படாத செலவு இங்கேதான் அதிகம். பெட் சார்ஜ், போக்குவரத்து, ஒரு நாள் கூலி. நீர் வற்றிய குழந்தையின் நரம்பு அகப்படாமல் கையிலும் காலிலும் நாலு இடத்தில் குத்துவது. குத்திய இடத்தில் வீக்கம், தொற்று. வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோப்பது. அப்புறம், பாட்டில் ஏறிவிட்டது என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்து வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் விடுவது. பேதி தொடர்கிறபோது ஏறியதெல்லாம் விடிவதற்குள் வெளியே போயிருக்கும்.

ஆனால் டிரிப்ஸ்தான் உயிர் காக்கும் நேரங்கள் உண்டு. மயக்கம், குளிர்ந்துபோன கைகால், ஸ்பூன் அளவில் கொடுத்தும் நிற்காத வாந்தி, உப்பிய வயிறு. அப்போது ஓஆர்எஸைக் கலக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த நிலையில் டாக்டர்கள் முதலில் தேடுவது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பாட்டில், உங்கள் வாய் கேட்கும் குளுக்கோஸ் இல்லை. வாந்தி மட்டும்தான் தடை என்றால், டாக்டர் எழுதும் ஒரு வேளை வாந்தி மருந்திலேயே பல குழந்தைகள் ஓஆர்எஸ் குடிக்க ஆரம்பித்துவிடும்.

| எது | உப்பு, சர்க்கரை | தவறும் இடம் | எப்போது இதுவே மேல் |
|---|---|---|---|
| ஓஆர்எஸ் பாக்கெட் | கச்சிதம் | டம்ளரில் பிரித்துக் கலப்பது | வீட்டில் பார்க்கக்கூடிய எல்லா வாந்திபேதிக்கும் |
| உப்பு சர்க்கரைத் தண்ணீர் | சுமார், பொட்டாசியம் இல்லை | ஸ்பூன் அளவு | பாக்கெட் கிடைக்கும்வரை |
| கஞ்சி, மோர் | உப்புப் போட்டால் நன்று | உப்பை மறப்பது, கெட்டியாகக் காய்ச்சுவது | ஓஆர்எஸுக்குத் துணையாக |
| இளநீர் | சோடியம் குறைவு | அதை மட்டுமே நம்புவது | லேசான பேதி உள்ள பெரியவருக்கு |
| அசல் ஓஆர்எஸ் டெட்ரா பேக் | கச்சிதம் | ஜூஸை வாங்கி வந்துவிடுவது | பயணத்தில் |
| டிரிப்ஸ் | பாட்டிலைப் பொறுத்தது | தேவையில்லாமல் போடுவது | மயக்கம், நிற்காத வாந்தி, குடிக்க முடியாத நிலை |

## கவுன்டரில் கேட்கும் மற்ற சந்தேகங்கள்

ஆன்டிபயாடிக்: வைரஸுக்குப் பயனில்லை, பேதியைக் கூட்டவும் செய்யும். சீதபேதி, காலரா போன்றவற்றுக்கு டாக்டர் எழுதட்டும். போன தடவை மிஞ்சிய பாட்டிலைத் தேடாதீர்கள்.

நிறுத்தும் மாத்திரை: குழந்தைக்குக் கிடையவே கிடையாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கிற பெரியவருக்கும் கிடையாது.

"அப்பாவுக்குச் சுகர், ஓஆர்எஸ் கொடுக்கலாமா?" ஒரு லிட்டருக்கே 13.5 கிராம்தான் குளுக்கோஸ். அதற்குப் பயந்து தண்ணீர் வற்ற விடுவதுதான் ஆபத்து. கொடுங்கள், சுகரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வயதானவர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோ, சிறுநீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால், பேதி நிற்கும்வரை அவற்றை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று அன்றைக்கே டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். இருதய, கிட்னி நோயாளிக்கு எவ்வளவு குடிப்பது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

சானிடைசர்: வாந்தியைக் கிளப்பும் நோரோ வைரஸுக்கு அது சரிப்படாது. சோப்பும் தண்ணீரும்தான், முக்கியமாகக் குழந்தைக்குக் கழுவிவிட்ட கைக்கு.

கடைசியாக, ஓஆர்எஸோடு எடுத்துக் கொடுத்தாலும் பலர் தொடாத ஒன்று, ஜிங்க் மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10. ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி சீக்கிரம் அடங்கும், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி வருவதும் குறையும். மூன்றாம் நாள் மலம் கெட்டியானதும் அட்டையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வேறு எதற்கோ வரும்போது கேட்டால், "அதுல பதினோரு மாத்திரை அப்படியே இருக்குண்ணே, திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்பார்கள்.